வெல்ல முடிச்சு

செவ்வாயும் வெள்ளியும் விடிந்தாலே கன்னியம்மாவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். அந்த இரண்டு நாட்களில்தான் ஜானவி டீச்சர் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு மட்டும் மகள் ஏஞ்சலின் எழுப்பாமலே எழுந்துவிடுவாள். குழாயடிக்குப் போய்த் தானே ஒரு குடம் தண்ணீர் பிடித்துவருவாள். தலையைத் தானே பின்னிக்கொள்வாள். இரும்பு மில்களின் புகைபோக்கியிலிருந்து வந்து வாசலில் படிந்திருக்கும் கரியைப் பெருக்கித் தள்ளுவாள். வீட்டிலிருக்கும் ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தெருமுனையைப் பார்த்து நிற்பாள். மற்ற நாட்களில் இதே மகாராணியை எழுப்புவதற்குள் கன்னியம்மாவின் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் மதில் முடிகிற இடத்தில் அந்தக் காலனி ஆரம்பிக்கிறது. போன தலைமுறை நடவுக்கும் அறுப்புக்கும் போன ஜனம். நடவு நட்ட நிலத்தின் மேலேயே கம்பெனிகள் எழுந்துவிட்டதால் இப்போது அதே நிலத்துக்கு ஷிப்டுக்குப் போகிறார்கள். ஏஞ்சலினின் அப்பா ஸ்டீபன் கம்பி மில்லில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன். வேலை முடிந்து வந்தால் முதல் காரியமாக ஒரு சொம்பு உப்புப் போட்ட நீராகாரம் குடிப்பான். அப்புறம்தான் அவனுக்குப் பேச்சு வரும். காலனியில் வெள்ளைத் துணியை யாரும் வெளியே காயப்போடுவதில்லை. போட்டால் மாலைக்குள் அது சாம்பல் துணி.

கன்னியம்மாவும் கம்பெனிக்குப் போனவள்தான். ரப்பர் கம்பெனியில் லைன் வேலை. ஏஞ்சலின் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் ஒன்றுக்குப் போய், எலும்பாக இளைத்து, ஒருநாள் மூச்சு வாங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய் என்றார்கள். பிழைத்து வந்தது பெரிய விஷயம். இனி ஆயுசுக்கும் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லி அனுப்பினார்கள். காலனியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து, சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சர்க்கரை வரும், மிட்டாயை அள்ளி அள்ளிக் கொடுத்தாயா என்று கன்னியம்மாவைக் கேட்டார்கள். கேட்டவர்கள் வீட்டில் எல்லாம் சர்க்கரைக்காரர்கள் உண்டு. இது வேறு வகை, யார் செய்த தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னதை அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

கம்பெனி வேலையை விட்டாள். அதே கம்பெனியின் ரப்பர் வாஷர்களை மூட்டையாக வாங்கிவந்து, ஓரத்துப் பிசிறைச் சின்னக் கத்திரியால் வெட்டித் தரும் வேலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்பதால் இன்சுலின் பாட்டிலை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் ஒரு சின்னப் பானையில் வைத்துக் காத்தாள். வேளாவேளைக்கு ஊசி, ஊசி போட்டதும் சாப்பாடு. கேழ்வரகு அடை, முருங்கைக்கீரைப் பொரியல், அளந்து வைத்த சோறு, மேலே கருவாட்டுக் குழம்பு. சர்க்கரை சட்டென்று இறங்கினால் பிள்ளையின் கை நடுங்கும், வியர்க்கும், வாய் குழறும். அப்போது ஒரு டம்ளர் வெல்லத் தண்ணீர். அதைக் குடித்துவிட்டு ஏஞ்சலின் கண்ணைத் திறந்து ‘அம்மா’ என்று சொல்லும் அந்தக் கணத்தில் கன்னியம்மாவுக்கு இரண்டாம் தடவையாகப் பிள்ளை பெற்ற மாதிரி இருக்கும்.

பள்ளிக்கூடத்துப் பிரேயரில் ஒருமுறை மயங்கி விழுந்ததும் பள்ளிக்கூடத்துக்கும் பயம், வீட்டுக்கும் பயம். பிள்ளை ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டோடு நின்றுபோனாள். அப்படி நோயினால் நின்றுபோன பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர்தான் ஜானவி. திருவள்ளூர்க்காரர். பெருமாள் கோயில் கைங்கரியம் செய்யும் ஸம்பத்குமாரின் மகள். பெரியபாளையம் வழியாக பஸ் மாறி மாறி வருவார்.

அந்த வீட்டுப் பெண் இந்தக் காலனியில் பச்சைத் தண்ணீர் குடிக்காது என்று கன்னியம்மா முதல் நாளே முடிவு கட்டி வைத்திருந்தாள். அப்படி நடந்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும். ஆனால் வெயிலில் வந்த ஜானவி தானாகவே தண்ணீர் கேட்டார். அண்ணாந்துதான் குடித்தார், இருந்தாலும் சொம்பைக் காலி செய்தார். அடுத்த வாரம் வெங்காயம் போட்ட அடையை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று வேறு கேட்டார். வெறுக்கக் காரணமே கொடுக்காத பெண்ணை வெறுப்பது எவ்வளவு சிரமம் என்பது கன்னியம்மாவுக்கு அப்போது தெரிந்தது. அவள் அந்தச் சிரமத்தையும் பட்டாள்.

காரணங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வெள்ளரிக்காயைக் கண்டால் முகத்தைச் சுளிக்கும் பிள்ளை, டீச்சர் சொன்னார் என்று கடித்துத் தின்றாள். அம்மாவின் கை ரப்பர் நாற்றம் அடிக்கிறது, டீச்சர் கை சோப்பு வாசனை என்றாள். தெருவில் ஏதாவது வேடிக்கை நடந்தால், கன்னியம்மா கேட்டாலும் சொல்லாமல், செவ்வாய்க்கிழமைக்கு என்று சேர்த்து வைத்தாள். பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வாஷர் வெட்டும் தாய்க்குக் கிடைக்காத கதையெல்லாம், வாரத்தில் இரண்டு நாள் வந்து போகிறவருக்குக் கொட்டியது.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு வெள்ளிக்கிழமை கன்னியம்மா வாசலில் கத்திரியோடு உட்கார்ந்திருந்தபோது உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், ஏஞ்சலின் பாவாடையைத் தொடைவரை ஏற்றி, தன் கையாலேயே ஊசி போட்டு முடித்திருந்தாள். ஜானவி தட்டுகிறார், பிள்ளை சிரிக்கிறாள்.

“ஏஞ்சலினம்மா, பாத்தேளா? கை கொஞ்சம்கூட நடுங்கலை” என்றார் ஜானவி. சந்தோஷம் மிஞ்சினால் அவருக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

கன்னியம்மா பார்க்கவில்லை. பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவள், முதல் பல் விழுந்ததைப் பார்த்தவள், இதைப் பார்க்கவில்லை. வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்தது, கூப்பிட்டிருக்கலாம். நல்லது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, வாஷரை ஓரமும் நடுவுமாகக் கன்னாபின்னாவென்று வெட்டினாள்.

ஸ்டீபன் வந்ததும் அவனிடம் கொட்டினாள். அவன் நீராகாரத்தைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை.

“நல்லதுதானே? நீ இன்னும் எத்தினி நாளைக்கு அவ பின்னாடியே ஊசிய தூக்கிக்கினு திரிவ?” என்றான்.

“நான் கேக்கறது அது இல்ல. என்னை ஒரு வார்த்த கூப்பிட்டா இன்னா?”

“உனுக்கு டீச்சர் மேல காண்டு. அத்த சொல்லு.”

“ஆமா, காண்டுதான். பெத்தவளுக்கு வராம எவளுக்கு வரும்?”

ஸ்டீபன் சிரித்தான். உலை பக்கத்தில் நிற்கிற தனக்கே இவ்வளவு சூடு இல்லை என்றான். அவனுக்கு அது பகடி.

ஜூன் மாதம் ஏஞ்சலினை ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். தலைமை ஆசிரியர் சுப்பராயன் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த மனிதர். ஜானவி நாலைந்து தடவை உட்கார்ந்து பேசித்தான் சம்மதிக்க வைத்தார். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டப்பாவில் குளுக்கோஸ் தூள், கரண்டி, ரத்தச் சர்க்கரை பார்க்கும் மெஷின் எல்லாம் வைத்து ஏஞ்சலினின் பைக்குள் போட்டார். பிறகு வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார். ஏஞ்சலின் கை நடுங்கினாலோ பேச்சுக் குழறினாலோ ஒருவர் சிவப்பு டப்பாவை எடுக்கவேண்டும், ஒருவர் டீச்சரைக் கூப்பிட ஓடவேண்டும், மற்றவர்கள் கூட்டம் போடாமல் உட்காரவேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி பிடித்துப்போனது. நான்தான் டப்பா, நான்தான் ஓட்டம் என்று சண்டை போட்டார்கள்.

அதைப் பார்க்கக் கன்னியம்மாவையும் அழைத்திருந்தார்கள். அவள் பின்பெஞ்சின் ஓரத்தில் நின்றாள். நீங்கள் ஏதாவது சொல்லவேண்டுமா என்று ஜானவி கேட்டார். சொல்ல எவ்வளவோ இருந்தது. நடுக்கம் வருவதற்கு முன்னாலேயே இவள் மேலுதடு வெளுக்கும், அதற்கும் முன்னால் காரணமில்லாமல் எரிந்து விழுவாள். ஆனால் வீம்பில், ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டாள்.

டீச்சர் இனி வீட்டுக்கு வரமாட்டார், பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவார் என்றபோது கன்னியம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதுவும் ஆடி பிறக்கும்வரைதான்.

புழுதியும் கரியும் சேர்ந்து சுழற்றியடித்த ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த ஏஞ்சலின் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மேலுதடு வெளுத்தது. கன்னியம்மா பார்த்துவிட்டாள். ஓடிப்போய் வெல்லத்தைத் தட்டி, தண்ணீரில் கரைத்து டம்ளரோடு வந்தாள்.

“இரும்மா. டீச்சர் சொன்ன மாதிரி நானே பாத்துக்கறேன்” என்றாள் ஏஞ்சலின்.

பையைத் திறந்து சிவப்பு டப்பாவை எடுத்தாள். விரலைக் குத்தி மெஷினில் பார்த்தாள். கரண்டியால் குளுக்கோஸை அளந்து வாயில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். எல்லாம் கச்சிதம். கன்னியம்மா அருகிலேயே டம்ளரோடு நின்றாள். கரைத்ததை என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் தானே குடித்தாள்.

மறுநாள் காலையில் தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. ஏஞ்சலின் குடத்தோடு ஓடினாள். அந்த நேரத்தில் கன்னியம்மா பையைத் திறந்து சிவப்பு டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். பிள்ளைக்குக் கெடுதல் செய்யவேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை. தன் பழைய மஞ்சள் புடவையில் ஒரு துண்டு கிழித்து, நல்ல வெல்லமாகப் பார்த்து உடைத்துப் போட்டு, இறுக்கி முடிந்து பைக்குள் வைத்தாள். தன் கை வெல்லம்தானே இத்தனை நாள் பிள்ளையைத் தூக்கி நிறுத்தியது, இன்றைக்கும் நிறுத்தட்டும், அதை மகள் உணரட்டும் என்று நினைத்தாள். பொறாமை வந்துவிட்டால் புத்தி இப்படித்தான் வக்கீல் வேலை பார்க்கும்.

ஏஞ்சலின் குடத்தை இறக்கிவிட்டு வந்து பையைத் தூக்கியபோது கனம் குறைந்திருப்பதைக் கண்டாள். திறந்து பார்த்தாள். டப்பா இருந்த இடத்தில் வெல்ல முடிச்சு இருந்தது. அம்மாவைப் பார்த்தாள். அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்த கன்னியம்மா திரும்பவில்லை. நாஷ்டாவுக்கு வைத்த அடையில் பாதியைத் தின்றுவிட்டு, பிள்ளை ஒன்றும் கேட்காமல் கிளம்பிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை முதல் பீரியட் விளையாட்டு. வயிற்றில் பாதி அடை, ஊசியோ முழு அளவு. மைதானத்தில் ஓடிவிட்டு வகுப்புக்கு வந்து உட்கார்ந்த ஏஞ்சலினுக்கு வியர்த்துக் கொட்டியது, வாய் குழறியது. வகுப்பு டீச்சர் பக்கத்து அறையில் இருந்தார். பிள்ளைகள் பயிற்சியை மறக்கவில்லை. ஒருத்தி டீச்சரிடம் ஓடினாள். ஒருவன் பையைத் திறந்தான். டப்பா இல்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். புத்தகங்களோடு மஞ்சள் துணி முடிச்சு வந்து விழுந்தது. அவன் அதை அவிழ்க்கப் போனான். பக்கத்தில் இருந்த பெண் அவன் கையைத் தட்டிவிட்டாள். அவர்கள் வீட்டில் சாமி படத்தின் ஆணியில் இதே மாதிரி மஞ்சள் துணியில் வேண்டுதல் காசு முடிந்து தொங்குகிறது. வேண்டுதல் நிறைவேறுமுன் அவிழ்த்தால் சாமி குத்தம். ஏஞ்சலின் வீட்டில் ஏசுவைத்தான் கும்பிடுகிறார்கள் என்று ஒருவன் சொன்னான். அவள் அம்மா பேர் கன்னியம்மாதானே, அவர்கள் வேண்டியிருப்பார்கள் என்றது ஒரு குரல். பிள்ளைகள் சுற்றி நின்று அந்த முடிச்சைப் பார்த்தார்கள். ஏஞ்சலினும் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியும், நாக்குதான் புரளவில்லை. யாரும் தொடவில்லை.

வகுப்பு டீச்சர் வந்து, டப்பா இல்லையென்று தெரிந்து, எதிர் டீக்கடைக்கு ஆள் விரட்டி, சர்க்கரை வாங்கிவந்து கன்னத்துக்குள் அடக்குவதற்குள் பிள்ளையின் கண் செருகத் தொடங்கியிருந்தது. விழுங்க முடிந்ததால் பிழைத்தாள். ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கன்னியம்மா செருப்பில்லாமல் தார் ரோட்டில் ஓடிவந்தாள். மாலையில் ஏஞ்சலின் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையில் மஞ்சள் முடிச்சு அவிழ்க்காமலே கிடந்தது. தாயும் மகளும் டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சுப்பராயன் இருவரையும் வரச்சொல்லியிருந்தார். ஜானவியும் இருந்தார். ராத்திரி தூங்காத கண். போன வாரம்தான் டப்பாவைத் திறந்து சரிபார்த்தேன், எல்லாம் இருந்தது என்று சுப்பராயனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் உங்கள் பேச்சை நம்பிச் செய்த ஏற்பாடுதானே, நேற்றைக்கு ஒன்று ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார் சுப்பராயன். ஜானவி தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்கக் கன்னியம்மாவுக்கு நிறைவாகக்கூட இருந்தது, ஒரு நிமிஷம்.

அப்போது ஏஞ்சலின் சொன்னாள். “நான்தான் சார். வெளாடறதுக்கு எடுத்து ஊட்டுலயே வெச்சிட்டேன். மறந்துட்டேன்.”

சுப்பராயன் பெருமூச்சு விட்டார். திட்டவில்லை. உயிர் காக்கிற பொருளை மறக்கிற பிள்ளையைப் பொறுப்பில் வைத்துக்கொள்ளத் தனக்குத் தைரியம் இல்லை என்றார். முன்போல வீட்டிலேயே படிக்கட்டும், பரீட்சைக்கு மட்டும் வரட்டும், வீட்டுக்கு வர வேறு டீச்சரைக் கேட்கலாம் என்றார். சம்மதமா என்று பிள்ளையைக் கேட்டார். ஏஞ்சலின் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கன்னியம்மா மாதக்கணக்கில் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒரே நிமிஷத்தில் வந்து விழுந்துவிட்டது. பிள்ளை வீட்டோடு. ஊசி தன் கையில். அந்த டீச்சர் இனி இல்லை. தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த பிள்ளையின் தோள் குலுங்குவதை அவள் பார்த்துவிட்டாள்.

“பொய் சொல்லுது சார். டப்பாவ எடுத்து ஒளிச்சது நான்தான்” என்றாள்.

“எதுக்கு?” என்று ஜானவிதான் கேட்டார்.

“ஒங்கள கண்டாலே எனக்கு ஆவாது டீச்சர். அதான். எம்பொண்ணு ஒங்க பேரச் சொல்லிக்கினுதான் எழுந்திருக்குது. அதுக்கு ஒடம்பு நடுங்கனா எங்கிட்ட வரணும், எங்கையால குடிக்கணும்னு நெனச்சேன். டப்பாவுக்குப் பதிலா வெல்லம் வெச்சேன். அத்த அவுக்காத உட்டுருவாங்கன்னு எனுக்கு இன்னா தெரியும்?”

ஜானவி எழுந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கன்னியம்மா கேட்டாள். “உயிர் போயிருக்கும். தெரியறதா உங்களுக்கு? உங்க பொறாமைக்குக் குழந்தைய பலி குடுத்திருப்பேள். ஏஞ்சலின், நீ ஏன் எங்கிட்ட பொய் சொன்ன? எங்கிட்ட எதையும் மறைக்கமாட்டேன்னு சொல்லியிருக்க இல்லையா?”

ஏஞ்சலின் ஜன்னலை விட்டு வந்தாள். டீச்சரிடம் போகவில்லை. டீச்சருக்கும் அம்மாவுக்கும் நடுவில் வந்து, அம்மாவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்கம்மாவ திட்டாதீங்க டீச்சர்.”

ஜானவியின் பார்வை பிள்ளையின் முகத்திலிருந்து, பின்னால் அம்மாவின் புடவையைப் பற்றியிருந்த பிள்ளையின் கைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. அந்த முகத்தில் இப்போது கோபம் இல்லை. மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. கன்னியம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இத்தனை மாதம் அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தது இதைத்தான்.

அவளுக்கு அது இனிக்கவும் செய்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்த இனிப்பு நிற்கவில்லை. இந்தப் பெண் பஸ் பஸ்ஸாக மாறி வந்து, கரி படிந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் பிள்ளைக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. எந்த மனுஷியானாலும் இந்த வலி வலிதான் என்று தோன்றியது.

சுப்பராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிள்ளை மேல் தப்பில்லை என்றால் வகுப்புக்கு வரட்டும், ஆனால் இன்னொரு டப்பா என் மேஜையிலும் இருக்கவேண்டும், அதோடு அந்த அம்மா ஒருநாள் வந்து இதற்கெல்லாம் என்ன அடையாளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்றார். கன்னியம்மா வருகிறேன் என்றாள்.

ஏஞ்சலின் அப்போதும் அசையவில்லை. புடவையை விடவில்லை. கன்னியம்மா குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவை மறுபடி பற்றின. கடைசியில் கையையே பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஜானவியின் கைக்குள் வைத்தாள்.

“கிளாசுக்கு இட்டுக்கினு போங்க டீச்சர். நேரமாவுது” என்றாள்.

ஜானவி அந்தக் கையை உடனே மூடிக்கொள்ளவில்லை. பிள்ளைதான் முதலில் பிடித்தாள். இருவரும் வராந்தாவில் நடந்து போனார்கள். பாதி தூரத்தில் ஏஞ்சலின் ஏதோ சொல்ல, ஜானவி குனிந்து கேட்டார். என்ன சொல்கிறாள் என்று கன்னியம்மாவுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்று இருந்தது. போய்க் கேட்காமல், அவர்கள் வகுப்புக்குள் நுழையும்வரை வாசற்படியிலேயே நின்றாள்.